கடலலையிலும் ஓதத்திலும் மின்சாரம்: நமக்கு ஏன் வரவில்லை?

வாசகர் கேள்வி, 11 ஜூன் 2025

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அலை இருபத்து நாலு மணி நேரமும் அடிக்கிறது. வெயில் மாதிரி ராத்திரியில் நிற்பதில்லை, காற்று மாதிரி திடீரென்று விழுவதில்லை. இதிலிருந்து மின்சாரம் எடுக்க யாரும் மனசு வைக்கவில்லை என்பதுதான் என் வாதம். இல்லையென்றால் காரணம் சொல்லுங்கள். நான் கொளச்சல் பக்கம், வீட்டு வாசலில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும்.

12 ஜூன் 2025, இரவு

மனசு வைத்தார்கள். 1991-லேயே வைத்தார்கள். அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், விழிஞ்சத்தில்.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, சுமார் 10 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் உட்கார வைத்தது சென்னை ஐஐடி. கடல் வளர்ச்சித் துறையின் பணம். 150 கிலோவாட் திறன். அலையில் இருந்து மின்சாரம் எடுத்த உலகின் ஆரம்பகால நிலையங்களில் அதுவும் ஒன்று. இதை எத்தனை பேர் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் பாலிடெக்னிக் படித்தபோது, 1993-இல், எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியின் அடியில் கடல் பக்கம் ஒரு வாய் திறந்திருக்கும். அலை வந்தால் உள்ளே தண்ணீர் ஏறும், மேலே அடைபட்ட காற்று குழாய் வழியே வெளியே பாயும். அலை போனால் தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே வரும். குழாயில் விசையாழி (டர்பைன்). சுவரில் நின்ற எங்களுக்கு முதலில் தெரிந்தது அந்தச் சத்தம்தான். பெரிய மாடு ஒன்று படுத்துக்கொண்டு மூச்சு விடுவது போல, ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஒரு மூச்சு. பக்கத்தில் நின்ற நண்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

காற்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது, ஆனால் விசையாழி ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. எப்படி என்று கேட்டோம். பெல்ஃபாஸ்டில் ஆலன் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1970-களின் கடைசியில் கண்டுபிடித்த இறக்கை அது. இரண்டு முகமும் ஒரே வளைவு. காற்று மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் அது ஒரே திசையில்தான் ஓடும். வால்வு வேண்டாம், கதவு வேண்டாம். அந்த இறக்கையைப் பார்த்த பிறகுதான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலையிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். முப்பது வருஷமாகத் தூத்துக்குடியில் அந்த வேலைதான்.

காரணம் கேட்டீர்கள். நாளைக்கு.

13 ஜூன் 2025

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அலை வேறு, ஓதம் வேறு. கேள்வியில் இரண்டும் கலந்திருக்கிறது, கீழே பதில் எழுதிய நாலு பேரும் கலந்தே எழுதியிருக்கிறார்கள்.

அலை காற்றின் பிள்ளை. ஓதம் நிலாவின் பிள்ளை. கடல் ஏறுவதும் வற்றுவதும் ஓதம். ஏறத்தாழ 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறும், தினமும் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியில் குறைவு. பத்து வருஷம் கழித்து ஒரு நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று இன்றைக்கே அட்டவணை போடலாம். காற்றுக்கும் வெயிலுக்கும் அப்படிப் போட முடியாது. ஓதத்தின் பெரிய பலம் அது.

ஆனால் நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குள் முடிந்துவிடுகிறது. தூத்துக்குடியில் இன்னும் குறைவு. 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு கழிமுகத்தை அணை கட்டி அடைக்கிறோம், ஓதம் 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 70 லட்சம் கன மீட்டர் தண்ணீர், 0.7 மீட்டர் கீழே விழுகிறது, நாளைக்கு இரண்டு தடவை. சராசரி 1,140 கிலோவாட் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தால் 380 கிலோவாட். பத்து சதுர கிலோமீட்டரை அடைத்து இவ்வளவுதான்.

13 ஜூன் 2025, பிற்பகல்

மேலே என் கணக்கு தப்பு. தண்ணீர் முழுவதும் 0.7 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதில்லை. மேல் தண்ணீர் அவ்வளவு விழும், அடித் தண்ணீர் விழுவதே இல்லை, சராசரி பாதி. எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 570, கைக்கு வருவது 190 கிலோவாட். ஆரல்வாய்மொழியில் நிற்கும் நடுத்தரக் காற்றாலை ஒன்றின் வருஷச் சராசரி இதைவிடக் கூடும். கணக்கைச் சரிபார்த்துத் தனிச்செய்தி அனுப்பிய தம்பிக்கு நன்றி.

16 ஜூன் 2025

"அப்படியானால் பிரான்ஸில் மட்டும் எப்படி?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

பிரான்ஸில் ரான்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் 1966 முதல் ஓடுகிறது. 24 விசையாழிகள், ஒவ்வொன்றும் 10 மெகாவாட், மொத்தம் 240. வருஷத்துக்கு ஏறத்தாழ 50 கோடி யூனிட். அடைத்த நீர்ப்பரப்பு 22 சதுர கிலோமீட்டர்தான், நான் மேலே சொன்னதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் அங்கே சராசரி ஓதம் 8 மீட்டர். கிடைக்கும் ஆற்றல் உயரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. நமக்கு 0.7, அவர்களுக்கு 8. பதினொரு மடங்கு உயரத்துக்கு நூற்றுமுப்பது மடங்கு ஆற்றல். இதில் மனசு வைப்பது, வைக்காதது என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலின் அடியும் கரையின் வடிவமும் கொடுத்தால் உண்டு.

இந்தியாவில் கொடுத்திருக்கும் இடம் காம்பே வளைகுடா. அங்கே சராசரி 6.77 மீட்டர், அதிகபட்சம் 11. கட்ச் வளைகுடாவில் சராசரி 5.23. சுந்தரவனத்தில் 2.97. மத்திய மின்சார ஆணையத்தின் மதிப்பீட்டில் காம்பேயில் 7,000 மெகாவாட், கட்சில் 1,200, சுந்தரவனத்தில் 100. ஒன்றுகூட எழும்பவில்லை. சுந்தரவனத்தில் துர்காதுவானி கால்வாயில் 3.75 மெகாவாட் போடலாம் என்று திட்டமிட்டார்கள், மதிப்பீடு 238 கோடி ரூபாயில் போய் நின்றது, கைவிட்டார்கள். ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடிக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு ஊருக்கே சோலார் போடலாம்.

தென்கொரியாவின் சிஹ்வா கதை வேறு. 254 மெகாவாட், 2011 முதல் ஓடுகிறது, ரான்ஸைவிடப் பெரியது. ஆனால் அணையை மின்சாரத்துக்காகக் கட்டவில்லை. நன்னீர் ஏரி வேண்டும் என்று 1994-இல் கடலை அடைத்தார்கள், உள்ளே தண்ணீர் கெட்டு நாறிப்போனது. கடல்நீரைத் திரும்ப உள்ளே விடுவதற்குத்தான் வாய் திறந்தார்கள். திறந்த வாயில் விசையாழியை வைத்தார்கள். பத்து விசையாழி, கடல் ஏறும்போது மட்டும் ஓடும். ஏரிக்கும் உயிர் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த நிலையம் இது.

ரான்ஸில் இதற்கு நேர்மாறு. கட்டும்போது மூன்று வருஷம் கழிமுகத்தை முழுக்க அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த உயிரெல்லாம் போய், திரும்பி வரப் பத்து வருஷம் போல ஆனது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறையும் இருக்கின்றன. அங்கே யாராவது அணை என்று வாயெடுத்தால் முதல் ஆளாக நான் எதிர்ப்பேன்.

20 ஜூன் 2025

"ஐஐடி தூத்துக்குடியில் வைத்தது 100 வாட்டாமே, ஒரு குண்டு பல்புக்கா இவ்வளவு செலவு" என்று எழுதியிருப்பவருக்கு:

சிந்துஜா-1 பற்றிச் சொல்கிறீர்கள். 2022 நவம்பரில், தூத்துக்குடிக் கரையில் இருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் வைத்துச் சோதித்தார்கள். பேராசிரியர் அப்துஸ் சமதின் குழு. மிதவை ஒன்று அலையோடு மேலும் கீழும் ஆடும், நடுவில் நிற்கும் நீளத் தண்டு ஆடாது, இரண்டுக்கும் நடுவில் உள்ள அசைவில் இருந்து மின்சாரம்.

100 வாட் என்பது கரையில் சின்னது. கரையில் இருந்து 6 கிலோமீட்டரில், கம்பி போகாத இடத்தில், அது சின்னதில்லை. ஒரு மிதவையில் விளக்கு, கம்பியில்லாக் கருவி, காற்றளவி, அலையளவி எல்லாம் ஓட அது போதும். கடலில் ஒரு பேட்டரியை மாற்ற ஒரு படகு, மூன்று ஆள், ஒரு நாள் டீசல் வேண்டும். நான் போயிருக்கிறேன். கடல் கலங்கிய நாளில் மிதவையில் ஏறி 40 கிலோ பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தவனுக்குத்தான் அந்த 100 வாட்டின் அருமை தெரியும்.

29 ஜூன் 2025

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. நான் செய்து பார்த்ததை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்.

2019-இல் மனைவியின் ஊரில், கொளச்சலுக்குத் தெற்கே ஒரு கிராமம், தூண்டில் வளைவின் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்) பாறை இடுக்கில் ஒரு குழாய் வைத்தேன். ஆறு இஞ்ச் பிவிசி, பத்து அடி நீளம். அடி முனை தண்ணீருக்குள் மூன்று அடி. மேல் முனையில் ஆறில் இருந்து இரண்டு இஞ்சுக்கு ரெடியூசர். வாயின் விட்டம் மூன்றில் ஒரு பங்கானால் காற்றின் வேகம் ஒன்பது மடங்கு. அந்த வாயில் பழைய பிரிண்டரில் கழற்றிய சின்ன டிசி மோட்டார், அதன் தண்டில் சாதாரண விசிறி இறக்கை. வெல்ஸ் இறக்கை செதுக்க எனக்குக் கை வரவில்லை, அதனால் வேறு வழி செய்தேன். மோட்டார் வயரில் இரண்டு எல்இடியைத் தலைகீழாக இணைத்தேன், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. காற்று வெளியே போனால் விசிறி ஒரு பக்கம் சுற்றும், சிவப்பு எரியும். உள்ளே வந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், பச்சை எரியும்.

மாசியில் வைத்தேன். ஒன்றுமே எரியவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. மனைவியின் சித்தப்பா, நான் மாமா என்று கூப்பிடுவேன், நாற்பது வருஷம் கட்டுமரத்தில் போனவர், பாறையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்:

"ஆனி ஆடில வச்சா பிச்சிட்டுப் போயிரும். மாசில வச்சா அசையவே அசையாது. இடையில உள்ள ரெண்டு மாசத்துக்கா இந்தப் பாடு, மருமவனே?"

சித்திரை மூன்றாம் வாரம் திரும்ப வைத்தேன். சாயங்காலம் ஆறரை மணி, இருட்டத் தொடங்கியது. அலை வந்து பாறையில் ஏறியது, குழாய் 'ஹூம்' என்றது, சிவப்பு. அலை இறங்கியது, உறிஞ்சும் சத்தம், பச்சை. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. கடல் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எட்டரை மணி வரைக்கும் எழுந்து போகவும் இல்லை.

அளந்து பார்த்ததில் 0.3 வாட். அந்த அகலத்துக்கு அலை கொண்டுவந்தது நூறு வாட் அளவுக்கு இருக்கும். மீதியெல்லாம் போன இடம் எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு அலைக்கும் விசிறி ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் கிளம்ப வேண்டும். நிறுத்துவதிலும் கிளப்புவதிலுமே பாதி போகிறது. வெல்ஸ் இறக்கை எதற்கு என்று 1993-இல் மூளைக்குப் புரிந்தது, அன்றைக்குக் கைக்குப் புரிந்தது.

பதினோராம் நாள் நின்றுவிட்டது. கழற்றினால் பேரிங் இருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு துரு வளையம். சீல் வைத்த பேரிங் போட்டுத் திரும்ப மாட்டினேன், அது பதினெட்டு நாள் ஓடியது. ஜூன் இரண்டாம் வாரம் கடல் எழும்பியது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு இரும்புக் கிளாம்பு மட்டும் பாறையில் இருந்தது, அதில் ஒன்று வளைந்திருந்தது. மாமா சொன்னது சொன்னபடி.

30 ஜூன் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேள்விக்குப் பதில் மாமாவின் வாயிலேயே வந்துவிட்டது. அதைக் கணக்காகச் சொல்கிறேன்.

அலையின் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, இரண்டு அலைக்கு நடுவில் உள்ள நொடிகளால் பெருக்கி, பாதியாக்கினால், ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை கிலோவாட் என்று ஏறத்தாழ வரும். இது ஆழ்கடலுக்கான கணக்கு, கரைக்கு வரும்போது குறையும். ஒரு மீட்டர் உயரம், எட்டு நொடி: 4 கிலோவாட். புயலில் ஆறு மீட்டர், பன்னிரண்டு நொடி: 216 கிலோவாட். ஐம்பது மடங்குக்கும் மேல்.

இயந்திரம் சம்பாதிப்பது அந்த நாலில். கட்ட வேண்டியதோ இருநூற்றுப் பதினாறைத் தாங்கும்படி. காற்றாலைக்கு இந்தத் தொல்லை குறைவு, புயல் வந்தால் இறக்கையைத் திருப்பிக் காற்றை விட்டுவிடலாம். கடலில் இருக்கும் பொருள் எங்கே திரும்பும்?

1995-இல் ஸ்காட்லாந்தின் டூன்ரே கரையில் ஆஸ்ப்ரே என்ற பெரிய நிலையத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். வைக்கும்போதே அடிபட்டு, அதைத் தொடர்ந்து வந்த புயலில் போய்விட்டது. 2008-இல் போர்ச்சுகலின் அகுசாதோராவில் மூன்று பெலாமிஸ், பாம்பு மாதிரி நீண்டு கிடந்து அலையில் மடங்கும் இயந்திரம், மொத்தம் 2.25 மெகாவாட். இரண்டு மாதத்தில் பேரிங்குகளில் கோளாறு, கரைக்கு இழுத்து வந்தார்கள். நடத்தியவர்களின் பணமும் அதே சமயத்தில் முடங்கியது, திரும்பப் போகவே இல்லை.

விழிஞ்சம் அந்த விதத்தில் பெருமைப்பட வேண்டிய கட்டுமானம். பல பருவமழையைத் தாங்கி நின்றது. சிக்கல் விளைச்சலில்தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25. பெயர்ப்பலகையில் 150. பின்னாளில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அதே மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் செய்தது, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் திறன். எனக்கு அது சரியான யோசனையாகப் பட்டது. தண்ணீரைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம், அலை குறைந்தால் யாருக்கும் விளக்கு அணையாது. இன்றைக்கு அது ஓடவில்லை. பக்கத்திலேயே 2025 மே மாதம் பெரிய சரக்குத் துறைமுகத்தைத் திறந்தார்கள்.

6 ஜூலை 2025

ஸ்காட்லாந்தில் இருந்து நல்ல செய்தி. மேஜென் என்ற ஓத நீரோட்ட நிலையத்தில் ஒரு விசையாழி, ஆறு வருஷத்துக்கு மேல், எதிர்பாராத பழுது ஒன்றுக்கும் கடலுக்கு வெளியே எடுக்காமல் ஓடியிருக்கிறது. சுமார் 40 மீட்டர் ஆழத்தில். நாலு விசையாழி, ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட்.

பட்டறையில் இதைச் சொன்னேன், பையன்கள் நம்பவில்லை. எங்களுக்கு வரும் படகு மோட்டாரைப் பார்த்தால் அவர்கள் நம்பாதது நியாயம். உப்புத்தண்ணீர் ஒருமுறை வைண்டிங்குக்குள் போனால், நன்னீரில் அலசி, அடுப்பில் காயவைத்து, மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) போட்டால், முள் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும். உடலில் கொட்டலசு வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும், சுரண்டினால் பெயின்ட்டோடு வரும். போன வருஷம் ஒரு மோட்டாரின் காற்றுத் துளைக்குள்ளேயே சிப்பி வளர்ந்திருந்தது, உயிரோடு. ஆறு வருஷம் என்றால் அந்த சீலைச் செய்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

11 ஜூலை 2025

நேற்று பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமி வந்தால் 'திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று செய்தி வந்துவிடும். ஓதம் அதிகமான நாள், வற்றும்போது கூடுதலாக வற்றுகிறது, பாசி பிடித்த பாறை வெளியே தெரிகிறது. அவ்வளவுதான். ஆறு மணி நேரம் கழித்துக் கடல் தன் இடத்துக்கு வந்துவிடும்.

பாம்பன் பற்றிக் கேட்டவருக்கு. மேஜென் மாதிரி நீரோட்டத்தில் நேரே விசையாழியை வைத்தால் அணை வேண்டாம்தான். 13-ஆம் தேதி ஓதம் நமக்கு உதவாது என்ற தொனியில் எழுதினேன், அது அணைக்குத்தான் பொருந்தும், நீரோட்டத்தைத் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பாம்பன் வாயில் தண்ணீர் ஓடுவது பாலத்தில் ரயிலில் போகும்போதே தெரியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே, மேலே ஓதமும் சேரும்.

ஆனால் இங்கே வேகத்தின் மும்மடி (வேகத்தை வேகத்தால் இரண்டு தடவை பெருக்கியது) வேலை செய்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் இறக்கைப் பரப்பில் கிடைப்பது 200 வாட் போல. அதே பரப்புள்ள சோலார் தகடு உச்சி வெயிலில் தருவதும் அவ்வளவுதான், அதற்கு உப்பும் இல்லை, சிப்பியும் இல்லை. வேகம் இரண்டரை மீட்டரானால் 3,000 வாட்டைத் தாண்டும். மேஜென் இருக்கும் பென்ட்லன்ட் ஜலசந்தியில் ஐந்து மீட்டர் வரை ஓடுகிறது. அங்கே கடலுக்குள் இறங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

19 ஜூலை 2025

"அலை ராத்திரியிலும் அடிக்கிறதே, சோலாருக்குத் துணையாக இருக்குமே" என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்று சுட்டியிருக்கிறார் கேள்வியாளர். உண்மை.

ராத்திரிக்குத் துணை, சரி. வருஷத்துக்குத் துணையா என்று பார்க்க வேண்டும். நம் மேற்குக் கரையில் அலை எழும்புவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆரல்வாய்மொழியிலும் தேனியிலும் காற்றாலை முழு மூச்சில் சுற்றுவதும் அதே மாதங்கள். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. அந்தப் பருவத்தில் மின்சாரம் ஏற்கெனவே நிறைய வருகிறது. நமக்குத் தட்டுப்பாடு வரும் மார்ச், ஏப்ரலில் அலையும் அடங்கிக்கிடக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் ஏறி வீட்டு வாசலுக்கு வரும். தெற்கே, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலின் அலை அது, பல நாள் பயணம் செய்து வருகிறது. பெரும்பாலும் ஏப்ரல், மே. அலை தொலைதூரக் காற்றைச் சுமந்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதை நம்பி நிலையம் கட்ட முடியாது. கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் முன்னெச்சரிக்கை கொடுக்கும் நாளில் எங்கள் ஊரில் படகை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

27 ஜூலை 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கன்னியாகுமரிக் கரையில் அந்த வாரத்தை மறந்தவர் யாரும் இல்லை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. கரையில் நின்று கத்தினால் கேட்கும் தூரமா அது. மாமாவின் தங்கை மகன் ஏழாம் நாள் வந்தான், அவனோடு போன இன்னொரு படகு வரவில்லை.

நான் அலை மின்சாரம் என்று பேசும்போது என் மனசில் நிற்பது அந்தத் தூரம்தான். மெகாவாட் இல்லை. ஆழ்கடலில் நாற்பது, ஐம்பது மைலில் ஒரு மிதவை, அதில் காற்றையும் அலையையும் அளக்கும் கருவி, படகுக்குச் செய்தி சொல்லும் கருவி, ராத்திரியில் ஒரு விளக்கு. மழை மூட்டம் பத்து நாள் நின்றால் சோலார் தகடு படுத்துவிடும். கடல் கொந்தளிக்கும்போதுதான் அலையில் மின்சாரம் அதிகம், அந்தக் கருவி அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

ஜப்பானில் மசூதா யோஷியோ 1940-களிலேயே தொடங்கியது இதைத்தான், கப்பலுக்கு வழிகாட்டும் மிதவை விளக்கை அலையிலேயே எரிய வைப்பது. அந்த மிதவைகள் நிறைய விற்றன. அலை மின்சாரத்தில் வியாபாரமாக ஜெயித்தது இது ஒன்றுதான் என்பேன். நம் பக்கமும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தின் அருகே அலையில் ஓடும் வழிகாட்டி மிதவையை வைத்துச் சோதித்தது. அதைப் பற்றி ஒரு டிவியிலும் பெரிதாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

28 ஜூலை 2025

ஒரு திருத்தம். 'மெகாவாட் இல்லை' என்று நேற்று முடிவாக எழுதியது அதிகப்படி. ஸ்பெயினில் பாஸ்க் கரையில் முட்ரிக்கு என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே அலைத்தடுப்புச் சுவரை எப்படியும் கட்ட வேண்டியிருந்தது. கட்டும்போதே சுவருக்குள் 16 அறை விட்டு, ஒவ்வொன்றிலும் 18.5 கிலோவாட் விசையாழி வைத்தார்கள். மொத்தம் 296 கிலோவாட், 2011 முதல். கான்கிரீட் செலவு துறைமுகத்தின் கணக்கில் போய்விட்டது. ஒரு விசையாழி கெட்டால் படியேறிப் போய்க் கழற்றலாம், படகு வேண்டாம். சிஹ்வாவில் அணை ஏற்கெனவே இருந்ததைப் போல இங்கே சுவர்.

நம் கரையில் எத்தனை தூண்டில் வளைவு கட்டுகிறார்கள், எத்தனை துறைமுகச் சுவரை நீட்டுகிறார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் அலை அடிக்கும் அடியில் படகே கவிழ்கிறது. அடுத்து கட்டும் சுவரில் ஒரே ஒரு அறை விட்டுக் கட்டச் சொல்லிக் கேட்கலாம். விசையாழி பிறகு வரட்டும். அறையை மட்டும் பிறகு வைக்க முடியாது.

2 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். தூண்டில் வளைவின் உள்பக்கக் கம்பத்தில் அரை அடிக்கு ஒரு கோடு பெயின்ட் அடித்து, மூன்று நாள் காலையில் அலை எந்தக் கோட்டில் இருந்து எந்தக் கோடு வரை போகிறது என்று குறித்திருக்கிறார். சராசரி ஆறு அடி, ஒன்பது நொடி. கணக்குப்படி மீட்டருக்கு 15 கிலோவாட்டுக்கு ஒட்டி. ஆடி மாசத்துக்கு இது சரியாகத்தான் இருக்கிறது.

மூன்று விஷயம். பாறையில் நின்று அளக்காதீர்கள், மேலே சாலையில் நின்று அளந்து பாருங்கள், உங்கள் கடல் எப்போது ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஆடியில் எடுத்ததை மட்டும் வைத்து யாரிடமும் பேசாதீர்கள், மார்கழியிலும் மாசியிலும் எடுங்கள், அந்தச் சின்ன எண்கள்தான் முக்கியம். அப்புறம், சிவப்புப் பெயின்ட் உப்பில் மங்கிவிடும், கறுப்பு அடியுங்கள்.

ஐப்பசியில் கடல் இறங்கியதும் வருகிறேன். இந்த முறை குழாய் எட்டு இஞ்ச், மோட்டார் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தெறிக்காத இடத்தில், கிளாம்பு துருப்பிடிக்காத எஃகில். வெல்ஸ் இறக்கையைப் பையன் ஒருவன் பட்டறையில் மரத்தில் செதுக்கிக்கொண்டிருக்கிறான், இரண்டு முடிந்துவிட்டன, இன்னும் நாலு. மாமாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, போனில் சொன்னேன். "பச்சை லைட்டும் கொண்டு வா" என்றார்.